எலியைக் கொல்லாத கடை

எங்கள் அரிசிக் கடையில் என் கணவர் ஓர் எலியைக்கூடக் கொன்றதில்லை. அரிசி விற்கிறவர் எலியைக் கொல்லமாட்டாராம் என்று எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் பேட்டை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்திருக்கிறேன். எரிச்சலில் பல்லைக் கடித்த நாட்கள் அதைவிட அதிகம். அந்தச் சிரிப்பு எங்கே போய் முடிந்தது என்பதை இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது. கோபித்துக்கொள்ள இருப்பவள் என் மகள் ஒருத்திதான். அவளுக்கு இதையெல்லாம் படிக்கப் பொறுமை கிடையாது.

கடை, ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போகும் சந்தில் இருந்தது. முன்னால் கூரை போட்ட அஞ்சடி நடைபாதை, நடுவில் கடை, பின்னால் மூட்டை அடுக்கும் அறை, அதற்கும் பின்னால் நாங்கள் குடியிருந்த இருட்டான ஒரு பகுதி. ரங்கூன் அரிசி, பருப்பு, மிளகாய், வெல்லம், கருவாடு எல்லாம் விற்றோம். வாங்க வந்தவர்கள் ரயில்வேயில் வேலை பார்த்த நம் ஜனங்கள். எங்களுக்கு ஒரு பக்கம் சீனர் ஒருவரின் காப்பிக் கடை. இன்னொரு பக்கம் மாட்டு வண்டிகள் நிறுத்தும் கொட்டகை, அதில் எப்போதும் வைக்கோல். சந்தின் ஓரத்தில் அகலமான சாக்கடை. எலிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எங்களுக்கு முதலில் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வராது. கடைசியாக ஒரு பெண் பிறந்தாள். தவழுகிற வயதில் அவளுக்கும் ஜன்னி கண்டது. கண் செருகி, கைகால் இழுத்துக்கொண்டு, உதடு நீலமாகிவிட்டது. என் மடியில் குழந்தையைப் போட்டுவிட்டு அவர் வெளியே ஓடினார். டாக்டரைக் கூட்டிவரப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போனது சந்து முனையில் இருந்த மரத்தடிப் பிள்ளையாரிடம். "இவளை மட்டும் விட்டுடு சாமி. உன் வாகனத்தை நான் கையால கொல்ல மாட்டேன். என் கடைக்குள்ள வேற யாரையும் கொல்லவும் விடமாட்டேன்" என்று சொல்லி, நெற்றியில் விபூதியோடு திரும்பி வந்தார். குழந்தை பிழைத்துக்கொண்டது.

ஊரில் மற்றவர்கள் மொட்டை போடுவார்கள், பால்குடம் எடுப்பார்கள். என் வீட்டுக்காரர் அரிசிக் கடையை வைத்துக்கொண்டு எலிக்கு அபயம் கொடுத்துவிட்டு வந்தார். அவரைத் திட்டவும் முடியாது. திட்ட வாயெடுத்தால் குழந்தை எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

கொல்லக் கூடாது என்றால் உள்ளே வரவிடாமல்தானே பார்க்க வேண்டும்? அதில் அவர் காட்டிய வேகத்தைக் குடும்பத்தில் காட்டியிருந்தால் நாங்கள் எங்கேயோ போயிருப்போம். மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கிப் பலகை மேடையில் அடுக்கினார். மேடையின் ஒவ்வொரு காலிலும் தகரத்தை வெட்டிப் புனலைக் கவிழ்த்த மாதிரி மாட்டினார். காலைப் பிடித்து ஏறுகிற எலி அந்தத் தகரத்தின் அடியில் முட்டிக்கொண்டு இறங்கிவிடும். மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவு இடம் விட்டார், மறைவு இருந்தால்தான் எலி கூடு கட்டும் என்பார். பொந்துகளில் கண்ணாடிச் சில்லைத் திணித்துச் சிமெண்டு பூசினார். கதவின் அடியில் தகரம் அடித்தார். பருப்பும் வெல்லமும் மூடி போட்ட மண்ணெண்ணெய் டின்னுக்குள் போயின. கருவாட்டைக் கம்பியில் தொங்கவிட்டு, கம்பியின் நடுவில் டின் மூடியைக் கோத்துவைத்தார். கடை சாத்துவதற்கு முன் ஓர் அரிசிமணி தரையில் கிடக்கக் கூடாது. பெருக்குகிறவள் நான்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பூனையும் கிடையாது. பூனை கடைக்குள் எலியைப் பிடித்தால் அது கொல்லவிட்ட மாதிரி ஆகிவிடுமாம். காப்பிக் கடையில் ஒரு தடிப் பூனை இருந்தது. அது எங்கள் வாசலில் வந்து நின்றாலே இவர் விசிறியை எடுத்துக்கொண்டு ஓடுவார். பூனையை விரட்டுகிற அரிசிக் கடைக்காரரைப் பார்த்து அந்தச் சீனர் தலையில் அடித்துக்கொள்வார்.

சுகாதார இன்ஸ்பெக்டர் அவ்வப்போது வந்து மூட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பார். எலிப் புழுக்கை கிடந்தால் கடையைச் சாத்தச் சொல்லிவிட முடியும், அப்படிச் சாத்திய கடைகள் எங்கள் பக்கத்திலேயே உண்டு. எங்கள் கடையில் மட்டும் அவருக்குக் குற்றம் எதுவும் கிடைக்கவில்லை. என்ன மருந்து வைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டார். இவர் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சும்மா சிரித்தார்.

இவ்வளவு செய்தும் ஒன்றிரண்டு எலிகள் வரத்தான் செய்தன. மூட்டை இறக்கும்போது கதவு திறந்திருந்தால் போதும். அவற்றுக்காகக் கம்பிக் கூண்டு ஒன்று வைத்திருந்தோம். சுட்ட தேங்காய்த் துண்டைக் கொக்கியில் மாட்டிவைத்தால், எலி அதை இழுக்கும்போது கதவு விழும். காலையில் கூண்டுக்குள் எலி உயிரோடு உட்கார்ந்திருக்கும். முதலில் அதைச் சாக்கடைப் பக்கம் திறந்துவிட்டார். அது நேராகக் காப்பிக் கடைக்குள் போயிற்று. "தீக்கூஸ்! தீக்கூஸ்!" என்று கத்திக்கொண்டு சீனர் துடைப்பத்தோடு வந்து நின்றார். எலிக்கு மலாயில் சொல்கிற பெயர் அன்றைக்கு எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

அதன் பிறகுதான் அவர் கூண்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகத் தொடங்கினார். எப்படியும் தினம் காலையில் பால் வாங்க அங்கேதான் போவார். அங்கே அவருடைய அக்கா இருந்தார்.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவரைவிட மிகவும் மூத்தவர். தாய் இல்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். கணவர் ரயில்வேயில் தண்டவாளம் போடும் கூட்டத்தில் இருந்து இறந்துபோனார், பிள்ளை கிடையாது. பலகைப் பாலத்தைத் தாண்டிப் போனால் கிள்ளான் ஆற்றங்கரையில் லாலான் புல் மண்டிய மேட்டில் சில குடிசைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் பசுக்களை வைத்துக்கொண்டு பால் விற்று வாழ்ந்தார். உயரமான, எலும்பான, உரத்த குரல் உள்ள பெண்மணி. கால் முழுக்கப் பித்தவெடிப்பு. செருப்புப் போடச் சொன்னால், மாட்டுக்கு முன்னால் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்பதா என்று சண்டைக்கு வருவார்.

கூண்டோடு தம்பி பாலத்தில் வருவதைப் பார்த்ததும் அங்கிருந்தே கத்துவாராம்.

"வாடா தம்பி! இன்னைக்கும் விருந்தாளியக் கூட்டிட்டு வந்துட்டியா?"

"ஒருத்தன்தான்க்கா."

"பெரிய எடத்து ஆளுடா. புள்ளையாரையே சொமக்கறவன். பாத்து எறக்கி விடு."

கொட்டகைக்குப் பின்னால் இருந்த மூங்கில் புதரில் இவர் எலியைத் திறந்துவிடுவார். ஆற்றைத் தாண்டிவிட்டால் திரும்பாது என்பது இவர் நம்பிக்கை. எலி மீன் மாதிரி நீந்தும் என்று நான் சொன்னதற்கு, நீ பார்த்தாயா என்று கேட்டார். பிறகு நாத்தனார் கூண்டை வாங்கித் தண்ணீரில் அலசி, அடுத்த நாளைக்குத் தேங்காய்த் துண்டையும் தாமே சுட்டு மாட்டிக் கொடுப்பார். "இவன் சுட்டா கருக்கிடுவான், எலி மோந்துகூட பாக்காது" என்பார். வரட்டி நெருப்பில் பதமாகச் சுட்ட அந்தத் துண்டு, கூண்டோடு எங்கள் வீட்டுக்கு வரும்போது வாசனை தூக்கும். எனக்கே எடுத்துத் தின்னலாம் போல இருக்கும்.

நான் ஒருநாள் அவரிடம் கேட்டேன். "அண்ணி, அத்தனை எலியையும் உங்க வீட்டுப் பக்கம் கொண்டாந்து விடறாரே, உங்களுக்குத் தொந்தரவா இல்லையா?"

"என்னாத்த தொந்தரவு? எங்கிட்ட அரிசிக் கடையா இருக்கு? மாட்டுக்கு வைக்கிற தவிடும் புண்ணாக்கும்தான். தின்னுட்டுப் போவட்டும். ஒம் மவ நல்லா இருந்தாப் போதும் புள்ள" என்றார்.

அந்த நாட்களில் அவர் எங்கள் கடையிலிருந்து நொய் கேட்டு வாங்கிப் போவார். கன்றுக்குட்டிக்குக் கஞ்சி காய்ச்ச என்பார். இவரும் மூட்டையைச் சலித்து வந்த நொய்யையெல்லாம் அக்காவுக்கென்று ஒரு டின்னில் சேர்த்துவைப்பார். வரவர டின் சீக்கிரம் சீக்கிரமாகக் காலியானது. இவ்வளவு நொய்யைத் தின்றால் அந்தக் கன்றுக்குட்டி இந்நேரம் யானையாகியிருக்க வேண்டுமே என்று நான் கேலி செய்தேன். இவரும் சிரித்தார்.

ஒரு மழைக்காலத்தில் ஆறு பெருகி நாத்தனாரின் கொட்டகைக்குள் தண்ணீர் வந்தது. வடிந்த பிறகும் பல நாள் தரை சொதசொதவென்று கிடந்தது. அதில் வெறுங்காலோடு நின்று சாணி அள்ளினார், பால் கறந்தார். ஒரு காலையில் இவர் போனபோது பசுக்கள் கத்திக்கொண்டிருந்தன. நாத்தனார் பாயில் முடங்கிக் கிடந்தார். காய்ச்சல். ஆடுசதை பிய்த்துப்போகிற மாதிரி வலிக்கிறது என்றாராம். கண் இரண்டும் செக்கச் சிவந்திருந்தன.

எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். மிளகுக் கஷாயம் கொடுத்தேன், காலைப் பிடித்துவிட்டேன். காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது, எழுந்து உட்கார்ந்து மாட்டை யார் கறக்கிறார்கள் என்று அதட்டினார். தேறிவிட்டார் என்றே நினைத்தோம். பிறகு கண் மஞ்சளாயிற்று. காமாலை என்று கீழாநெல்லியை அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தேன். உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து, சிறுநீர் பிரியாமல் போனதும் பயந்துவிட்டோம். ரிக்‌ஷாவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போகிற வழியெல்லாம் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக டிரஸ்ஸர் ஒருவர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையான மனிதர். டாக்டர் பார்த்துவிட்டுப் போனதும் எங்களை ஒதுக்கமாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அம்மா இருக்கிற இடத்தில எலி கிடக்கோ?"

ஏன் கேட்கிறீர்கள் என்று நான்தான் கேட்டேன்.

"எலியிட மூத்திரம் கலந்த ஈரத்தில வெறுங்காலோட நிண்டா, கால் வெடிப்புக்குள்ளால இந்தக் காய்ச்சல் உள்ள போகுமாம். டாக்டர்மார் இப்பதான் கண்டுபிடிச்சுச் சொல்லுகினம். அதுதான் கேட்டனான்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என் கணவர் திரும்பிப் போய், அக்காவின் கால் வெடிப்புகளைக் குனிந்து பார்த்தார். அடுத்த நாள் என் நாத்தனார் இறந்துபோனார்.

ஆற்றங்கரையில் எலிக்கா பஞ்சம்? இவர் கொண்டுபோய் விட்டதால்தான் வந்தது என்று யார் சொல்ல முடியும்? வெள்ளத்தோடு எங்கிருந்தெல்லாமோ வந்திருக்கும். எலியின் நெற்றியில் எந்தக் கடை எலி என்று எழுதியா ஒட்டியிருக்கிறது? இதையெல்லாம் நான் அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே அரிசி அளந்துகொண்டிருப்பார். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

கருமாதி முடிந்த பிறகுதான் அது தொடங்கியது. கடையில் எலி பெருகிவிட்டது. பகலிலேயே மூட்டைக்கு மேல் ஓடின. வண்டிக் கொட்டகைக் கூரையிலிருந்து தாவி வந்தன, கதவின் அடித் தகரத்துக்கு மேலே மரத்தைக் கடித்து வழி செய்தன. புனல் தகரத்தில் முட்டிக்கொண்டு இறங்கி, சுற்றிச் சுற்றி வேறு வழி தேடின. கோணியை ஓட்டை போட்டு அரிசியைச் சிந்தவிட்டன. இத்தனை நாள் இல்லாமல் இப்போது எங்கிருந்து வந்தன என்று எங்களுக்குப் புரியவில்லை. கூண்டில் தினம் எலி விழுந்தது. இவரோ அதைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போக மாட்டேன் என்றார். தண்டவாளத்தின் ஓரமாக எங்கேயோ நடந்துபோய்த் திறந்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வருவார். இன்ஸ்பெக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். முதல் தடவையாக எங்கள் கடையில் அவர் முகம் மாறியது. அடுத்த முறை வரும்போது இப்படி இருந்தால் கடை இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் நாத்தனாரின் குடிசையைக் காலி செய்து கொடுக்கப் போனோம். பசுக்களைப் பக்கத்துக் குடிசைப் பெண்ணே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கே கொடுத்துவிடுவதாகப் பேச்சு. நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். இவர் கொட்டகைக்குப் பின்னால் போனவர் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். மூங்கில் புதரின் ஓரமாகக் கொட்டாங்குச்சிகள் வரிசையாக மண்ணில் பதித்து வைக்கப்பட்டிருந்தன. மழைத்தண்ணீர் நிற்காதபடி சின்னத் தகரம் ஒன்றைச் சாய்வாகக் கூரை மாதிரி நிறுத்தியிருந்தது. கொட்டாங்குச்சிகள் காலி. ஒன்றின் அடியில் மட்டும் கொஞ்சம் நொய் பூசணம் பூத்து ஒட்டியிருந்தது. இவர் அதைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

பக்கத்துக் குடிசைப் பெண் பால் சொம்போடு அந்த வழியாக வந்தாள். இது என்ன என்று நான் கேட்டேன்.

"அதுங்களா? அத்தை எலிக்குச் சோறு வைக்கிறதுங்க. தெனம் சாயங்காலம் நொய்யிக் கஞ்சி காச்சி ஊத்துவாங்க. நானே சண்டை போட்டிருக்கேன், எலிக்குப் போயி யாராச்சும் கஞ்சி ஊத்துவாங்களான்னு. 'பசிச்சாத்தானடி ஆத்தத் தாண்டி மறுபடியும் தம்பி கடைக்குப் போவும். இங்கேயே வவுறு ரொம்பிட்டா ஏன் போவுது? பாவம், அவனால கொல்லவும் முடியாது'ம்பாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

எங்களுக்குத் தெரியாது. கன்றுக்குட்டியின் பேரைச் சொல்லி வாங்கிப்போன நொய் அது. நான் யானை என்று கேலி செய்த நொய். வயிறு நிறைந்த எலிகள் அங்கேயே குட்டி போட்டு, அங்கேயே திரிந்து, அந்தக் கொட்டகை ஈரத்திலேயே இருந்திருக்கின்றன. எங்கள் கடை சுத்தமாக இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் பாராட்டியபோதெல்லாம் நாங்கள் பெருமைப்பட்டோம். தகரமும் கண்ணாடிச் சில்லும்தான் காப்பாற்றுகின்றன என்று நினைத்தோம்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இன்றும் மறக்க முடியவில்லை. யார்மேல் என்று தெரியாத கோபம். செத்துப்போன நாத்தனார்மேல், வேண்டிக்கொண்ட இவர்மேல், வேண்டுதலை வாங்கிக்கொண்டு மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்த பிள்ளையார்மேல். நான் கொட்டாங்குச்சிகளைப் பிடுங்கி ஒவ்வொன்றாக ஆற்றில் எறிந்தேன். இவர் தடுக்கவில்லை. ஒன்றை மட்டும் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கூண்டின் கதவு விழுந்திருந்தது. நல்ல பெரிய எலி. இவர் அதைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். அஞ்சடியில் கொஞ்ச நேரம் நின்றார். எங்கே கொண்டுபோய் விடுவது? எங்கே விட்டாலும் அங்கே யாராவது வெறுங்காலோடு நடப்பார்கள். அவர் திரும்பி வந்து, அடுப்படியில் இருந்த என் எதிரில் கூண்டை வைத்தார்.

"நீ பாத்துக்கோ புள்ள" என்றார்.

அவர் கேட்பது என்ன என்று எனக்குத் தெரியும். வேண்டுதல் அவருடையது. நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. கடைக்குள் கூடாது, அவ்வளவுதான். நான் கையைத் துடைத்துக்கொண்டு கூண்டைத் தூக்கினேன்.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?" என்றார். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வெல்லம் தின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணும் ஆவாது. அக்காவை எடுத்துக்கிட்டாருல்ல, போதும் அவருக்கு" என்றேன். சாமியை அப்படிப் பேசலாமா என்று யோசிக்கவே இல்லை. வாய் கூசவும் இல்லை.

பலகைப் பாலத்தின் நடுவில் நின்று, கூண்டில் கயிறு கட்டி ஆற்றில் இறக்கினேன். அங்கிருந்து பார்த்தால் நாத்தனாரின் கொட்டகை தெரியும். "வாடா தம்பி" என்ற குரல் எப்படி அங்கேயிருந்து இந்தப் பாலம்வரை கேட்டிருக்கும் என்று நினைத்தேன். நல்ல குரல் அது. கயிறு ஆடுவது நின்றதும் இழுத்துக்கொண்டேன். அதிலிருந்து பல வருஷம் அந்த வேலையை நான்தான் செய்தேன். அவர் ஒருநாளும் பேச்செடுத்ததில்லை. மகளுக்குத் தும்மல் வந்தால்கூட இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்போம். அவள் வளர்ந்தாள், கல்யாணமானாள், இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறாள்.

அன்று நான் காலிக் கூண்டோடு வீட்டுக்கு வந்தபோது அவர் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். குழந்தையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, ஒரு கையில் கம்பியில் குத்திய தேங்காய்த் துண்டை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் கூண்டுக்கு. பக்கத்தில் அந்தக் கொட்டாங்குச்சியில் ஏற்கெனவே சுட்ட துண்டுகள் கிடந்தன. எல்லாம் கரிக்கட்டை. கையில் இருந்ததும் என் கண் முன்னாலேயே பற்றி எரிந்து கருகிற்று. அவர் அதை ஊதி அணைத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா மாதிரி வரலை" என்றார்.

ஆஸ்பத்திரியிலும் அழாதவர், கொள்ளி வைத்தபோதும் அழாதவர், கருகிய அந்தத் தேங்காய்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். குழந்தை அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டது. நான் இன்னொரு தேங்காயை உடைத்துக் கொடுத்தேன்.